கொடைக்கானல் ஸ்வெட்டருக்கும் இரண்டு பாதிரியார்களுக்கும் என்ன சம்பந்தம்… தெரியுமா?

கொடைக்கானல் ஏரியை மதுரை கலெக்டர் வேர் லெவிஞ்ச் உருவாக்கியது 1863-ல். அதே 1863-ல்தான் அமெரிக்காவில் ஐசக் லாம்ப் என்ற பாதிரியார், ஊசிகளை வரிசையாகப் பதித்த தட்டைப் பின்னல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார், தெரியுமா? குளிர் தாங்காமல் ஏரிக்கரையில் வாங்கி மாட்டிக்கொள்கிறோமே, மெஷினில் பின்னிய ஸ்வெட்டர்! அந்த ரகத்துக்கே வழி திறந்தது அந்த இயந்திரம்.

அவருக்கும் முன்னோடி இன்னொரு பாதிரியார்! இங்கிலாந்தின் கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ, 1589-லேயே காலுறை பின்னும் கருவி செய்துவிட்டார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் வயிற்றில் அடிக்கும் என்று முதலாம் எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்தாராம்.

லாம்ப் வழியில் வந்த வீட்டு மெஷின்களில், தடித்த கம்பளி நூலுக்கென்றே பிறந்தவைதான் அபாரம்! ஜப்பானின் பிரதர் கே.எச். 260-ஐப் பாருங்கள். சாதாரண வீட்டு மெஷினில் 4.5 மி.மீ.க்கு ஓர் ஊசி வீதம் 200 ஊசிகள். இதில் 9 மி.மீ.க்கு ஒன்று வீதம் 114 மட்டுமே. கரண்டே வேண்டாம்! மேஜையில் இறுக்கிவிட்டு, ஊசிகள்மேல் ஓடும் கேரேஜை ஒரு தள்ளு தள்ளினால் ஒரு வரிசை முடிந்தது. துளை போட்ட அட்டையைச் செருகினால் போதும், 24 கண்ணி அகலத்துக்குப் பூவும் கட்டமும் தானாக விழும்.

கம்பளி தரும் ஆடு வடக்கேதான் என்று நினைக்கிறீர்களா? கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூருக்குப் போங்கள். 1965 முதல் அங்கே மத்திய ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன பாரத் மெரினோ ஆடுகள், நம் திண்டுக்கல் மாவட்டத்தில் மேய்கின்றன!

இப்போது மெஷினுக்குத் திரும்பி, ஒரே ஓர் ஊசியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நுனியில் கொக்கி, அதன் கீழே ஆடும் குட்டி நாக்கு. ஊசி முன்னே நீளும்போது பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு பின்னால் போகிறது. கொக்கியில் புது நூல் விழுகிறது. ஊசி பின்வாங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கைச் சாத்திவிட்டு, நுனி வழியே கழன்றுவிடுகிறது. திறப்பதும் சாத்துவதும் அந்தக் கண்ணியே! 1840களின் கடைசியில் லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்சென்ட் தந்த யோசனை இது. மலையிறங்கித் திருப்பூர் போனால், பனியன் துணி ஓட்டும் வட்ட மெஷின்களுக்குள்ளும் இதே நாக்கு ஊசிதான்.

வீட்டு மெஷினின் துணைக்கருவிகளோ தனி உலகம். கண்ணியை இடம் மாற்ற ஒரு முனை, இரு முனை, மும்முனைக் கருவிகள்; துணியைக் கீழே இழுத்துப் பிடிக்க நகம் வைத்த எடைகள்; ரிப் எனும் மேடுபள்ள வரிப் பின்னலுக்கு எதிரே மாட்டும் இன்னொரு ஊசி வரிசை!

பரணில் பழைய மெஷின் கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஊசிகளை அமுக்கிப் பிடிக்கும் நீளப் பட்டையை முதலில் உருவிப் பாருங்கள். அதிலுள்ள ஸ்பாஞ்ச் வருடக்கணக்கில் சப்பிப்போயிருக்கும். அதனால்தான் ஊசி துள்ளும், கண்ணி நழுவும். ஸ்பாஞ்சை மாற்றினாலே பல மெஷின்கள் மறுபடி பின்ன ஆரம்பித்துவிடும்.