கொலுசு கறுப்பதும் டீசல் சுத்தமாவதும்

பீரோவில் வைத்த வெள்ளிக் கொலுசு சில மாதங்களில் கறுத்துப்போகும். காற்றில் துளியூண்டு இருக்கும் கந்தகச் சேர்மங்களைக்கூட வெள்ளி விடாமல் பிடித்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. கொலுசைக் கெடுக்கும் இந்தக் குணத்தை வைத்தே டீசலைச் சுத்தம் செய்யப் பார்க்கிறார்கள்.

கந்தகம் கச்சா எண்ணெயோடு கூடவே வருவது. எரிந்தால் கந்தக டை ஆக்சைடாகும். போதாததற்கு, வண்டிப் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியையும் கெடுக்கும். 2020 ஏப்ரலில் இந்தியா முழுக்க வந்த பிஎஸ்-6 புகை விதிப்படி, ஒரு கிலோ டீசலில் 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் கூடாது. பிஎஸ்-4 காலத்தில் 50 வரை அனுமதி இருந்தது.

சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன்தான் ஆயுதம். கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கி, 300 டிகிரிக்கு மேல் சூடு, கடும் அழுத்தம். சமையல் கேஸுக்கு நாற்றம் தரும் மெர்காப்டன் மாதிரியான எளிய சேர்மங்கள் சட்டென உடைந்துவிடும். முரண்டு பிடிப்பது டைபென்சோதயோஃபீன் குடும்பம். அதிலும் கந்தகத்தின் இருபுறமும் மெத்தில் தொகுதிகள் காவல் நின்றால், வினையூக்கி கிட்டே போவதே பாடு.

பெண்டோனைட் களிமண் உதவ வருவது இந்த இடத்தில். முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போகப் பூசுகிறோமே முல்தானி மட்டி, அதற்கு உறவுக்காரன். இதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட், அப்பளக் கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன். நடுவே சோடியம், கால்சியம் அயனிகள் பட்டும் படாமலும் உட்கார்ந்திருக்கும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் மண்ணை ஊறவைத்தால் சோடியம் எழுந்துகொள்ள, வெள்ளி அயனி அங்கே உட்காரும். செம்பு, நிக்கல் அயனிகளையும் இப்படி ஏற்றலாம். முதலில் அமிலத்தில் ஊறப்போட்டு நுண்துளைகளைப் பெருக்கிக்கொள்வதும் உண்டு. பிறகு டீசலை அந்த மண் வழியாக இறக்கினால் போதும். ஹைட்ரஜனும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். சாதாரணச் சூட்டிலேயே கந்தகச் சேர்மம் மண்ணின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டீசலில் கந்தகமில்லாத அரோமாட்டிக் மூலக்கூறுகள் ஏராளம். உருவத்திலும் கிட்டத்தட்ட அதே தட்டை வளையங்கள். அவை முண்டியடித்து இடத்தைப் பிடித்துவிடுகின்றன. மண்ணும் சீக்கிரம் நிறைந்துபோகும். கரைப்பானில் அலசியோ காற்றில் சுட்டோ மீட்டெடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் பிடிக்கும் திறன் கொஞ்சம் குறையும். வெள்ளியின் விலை வேறு.

ஆகவே ஹைட்ரஜன் கோபுரங்களைக் களிமண் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சிலவகை எரிபொருள் மின்கலங்களுக்கு அந்த 10 மில்லிகிராமே அதிகம். அங்கே கடைசி வடிகட்டியாக நிற்க, களிமண் தோதான ஆள்.