ஆர்க்டிக் நதியின் முகத்துவாரம் வரைபடத்தில் 400 கி.மீ. தள்ளிப்போனது எப்படி?

கனடாவின் வடகோடியில் ஓடி ஆர்க்டிக் கடலில் கலப்பது காப்பர்மைன் ஆறு. ஐரோப்பியர்களின் வரைபடத்தில் இந்த ஆற்றின் முகத்துவாரம் சுமார் 50 ஆண்டுகள் தப்பான இடத்தில் இருந்தது. அதைச் சரிசெய்த பயணத்தில் 11 பேர் உயிரிழந்தனர்.

முதலில் போனது யார்?

ஹட்சன் பே கம்பெனியின் ஊழியர் சாமுவேல் ஹெர்ன். தாமிரம் தேடி 1770 டிசம்பரில் கிளம்பினார். வழிகாட்டியவர் டெனே பழங்குடித் தலைவர் மடோனாபி. ஐரோப்பியர்களுக்குத்தான் அது தெரியாத நிலம். அவர் மக்களுக்கு நடந்து பழகிய வேட்டைப் பாதை. 1771 ஜூலையில் ஹெர்ன் கடலை எட்டினார்.

தவறு எங்கே நடந்தது?

ஒரு இடம் எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பதை, நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து கணக்கிடுவார்கள். ஆனா ஹெர்ன் போனபோது முகத்துவாரத்தில் மூடுபனி, தூறல். வானம் தெளியும்வரை அவர் காத்திருக்கவில்லை. நடந்த தூரத்தையும் திசையையும் வைத்தே கணக்குப் போட்டார். வந்த விடை கிட்டத்தட்ட 72 டிகிரி. உண்மையில் அது 68 டிகிரிகூட இல்லை. ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. அப்படின்னா பிழை 400 கி.மீ.க்கும் மேல்!

சரிசெய்தது யார்?

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளின். 1821-ல் படகுகளில் ஆற்றின் வழியே இறங்கி முகத்துவாரத்தை அளந்தார். அதிகாரிகள் ஜார்ஜ் பேக்கும் ராபர்ட் ஹுட்டும் வரைபடம் தயாரிப்பதில் உதவினர். அப்போது காந்த துருவம் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பகுதியில் திசைகாட்டியை மட்டும் நம்ப முடியவில்லை. அதனால் சூரியனைப் பார்த்து அளப்பதுதான் முக்கியமாக இருந்தது.

என்ன விலை கொடுத்தார்கள்?

அங்கிருந்து கிழக்கே கடற்கரையையும் அளந்துவிட்டுத் திரும்புவதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது. உணவு தீர்ந்து, பாறைப் பாசியையும் பழைய தோலையும் தின்றார்கள். 20 பேரில் 11 பேர் இறந்தனர். ஹுட் சுட்டுக் கொல்லப்பட்டார். மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றியது, யெல்லோநைவ்ஸ் பழங்குடித் தலைவர் அகைச்சோவின் ஆட்கள் கொண்டுவந்த இறைச்சிதான்.

இன்று என்ன நிலை?

20-ம் நூற்றாண்டில் விமானப் புகைப்படங்கள் வந்தபிறகு, மலை, ஏரி, வளைவு எல்லாம் வரைபடத்தில் துல்லியமாக ஏறின. முகத்துவாரத்தில் உள்ள ஊரின் பெயரும் மாறியது. 'காப்பர்மைன்' என்று இருந்தது, 1996 முதல் இனுயிட் மொழியில் குக்லுக்டுக். அங்கேயே வாழும் மக்களின் பெயர் வரைபடத்தில் ஏற, ஹெர்ன் வந்துபோனதிலிருந்து 225 ஆண்டுகள் ஆகியிருக்கிறது.