10 முறை கோட்டை விட்டவர் ஸ்டார் ஆனது எப்படி? என்.எஃப்.எல் புதுமுக 'டேக்கிள்' வீரரை எடைபோடும் கணக்கு இதுதான்!

அமெரிக்காவின் என்.எஃப்.எல் ஃபுட்பால் லீக்கில், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 2020 ஏப்ரலில் நடந்த டிராஃப்ட்டில், முதல் 13 இடங்களுக்குள் 4 'ஆஃபென்சிவ் டேக்கிள்' வீரர்கள் எடுக்கப்பட்டனர். அவர்களில் முதலில் போனவர் ஆண்ட்ரூ தாமஸ். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி 4-வது இடத்தில் அவரை எடுத்தது.

முதல் சீசன் முடிந்தபோது, நால்வரில் மோசமாக ஆடியவர் என்று பேர் வாங்கியதும் அவர்தான். 'இவரைப் போய் எடுத்தாங்களே' என்று ரசிகர்கள் புலம்பினார்கள். ஆனால் மூன்றே வருஷத்தில் அதே அணி அவருக்கு 11.75 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. நடுவில் என்ன நடந்தது? ஒரு புதுமுக டேக்கிளை எதை வைத்து எடைபோடணும்? விரிவாகப் பார்க்கலாம்.

டேக்கிள் என்பவர் யார்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு அணிக்கு 11 பேர். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் 5 பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவரின் இரண்டு ஓரங்களில் நிற்பவர்கள்தான் ஆஃபென்சிவ் டேக்கிள்கள். பாய்ந்து வரும் எதிரணி ஆட்களிடமிருந்து குவார்ட்டர்பேக்கைக் காப்பதும், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை.

வலது கைக்காரர் பந்தை வீசத் திரும்பும்போது, இடது பக்கம் அவருடைய முதுகுப் பக்கமாகிவிடும். அங்கிருந்து யார் வந்தாலும் தெரியாது. அதனால் இடது ஓரத்தில் நிற்கும் 'லெஃப்ட் டேக்கிள்' இடத்துக்குத் தனி மவுசு.

ஒரு ஆளுக்கு ஏன் இவ்வளவு பணம்?

1985 நவம்பர் 18 அன்று, ஜயன்ட்ஸ் வீரர் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து மடக்கியதில் வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மேனின் கால் எலும்பு முறிந்தது. அவர் அதன்பிறகு ஆடவே இல்லை. சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த 'தி பிளைண்ட் சைட்' படம் இந்தக் காட்சியோடுதான் தொடங்கும்.

இன்னொரு உதாரணம், 2021 பிப்ரவரி 7-ல் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் வழக்கமான டேக்கிள்கள் இருவருமே காயத்தால் ஆடவில்லை. நட்சத்திர குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஒரு டச் டவுன்கூட போட முடியாமல் 31-9 என அந்த அணி தோற்றது.

மார்க் போடுவது ஏன் கஷ்டம்?

இது கிட்டத்தட்ட விக்கெட் கீப்பர் வேலை. 60 முறை சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு முறை விட்டால் ஊரே பேசும். குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்கு முன்பே மடக்கப்பட்டால் அது 'சாக்'. புதுமுக டேக்கிளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் 'எத்தனை சாக் விட்டார்?' என்பதிலேயே சுற்றும்.

ஆனால் சாக் என்பது ஒரு ஆளின் கணக்கு மட்டும் இல்லை. குவார்ட்டர்பேக் பந்தைச் சீக்கிரம் வீசிவிட்டால், டேக்கிள் செய்த தப்பு வெளியே தெரியாது. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றால், சரியாகத் தடுத்தவர் தலையிலும் பழி விழும். பக்கத்தில் நிற்பவரோடு புரிதல் இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

தாமஸுக்கு என்ன ஆச்சு?

'ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ்' கணக்குப்படி, 2020 சீசனில் தாமஸ் விட்ட சாக் மட்டும் 10. ஆனால் அந்த வருஷத்தின் சூழலையும் சேர்த்துப் பார்க்கணும்.

கொரோனாவால் சீசனுக்கு முந்தைய பயிற்சிப் போட்டிகள் அத்தனையும் ரத்து. அனுபவமுள்ள நேட் சோல்டர் அந்த சீசனிலிருந்து விலகிக்கொண்டார். இதனால் முதல் போட்டியிலேயே லெஃப்ட் டேக்கிள் பொறுப்பு 21 வயது தாமஸ் தோளில் விழுந்தது. சீசன் நடுவே, நவம்பரில், அவருக்குக் கற்றுக்கொடுத்த கோச்சும் நீக்கப்பட்டார். போதாததற்குக் கணுக்கால் வலி வேறு. சீசன் முடிந்ததும் அதற்கு ஆபரேஷன் செய்துகொண்டார்.

கணுக்கால் சரியானது, கால் நகர்த்தலும் கை வைக்கும் நேரமும் சீரானது. 2022-ல் 'ஆல் ப்ரோ' கௌரவ அணியின் இரண்டாவது பட்டியலில் அவர் இடம்பிடித்தார். 2016-க்குப் பிறகு ஜயன்ட்ஸ் பிளேஆஃப் போனதும் அதே சீசனில்தான். 2023 ஜூலையில் அந்தப் பெரிய ஒப்பந்தம் வந்தது.

மற்ற மூவர் கதை?

* ஜெட்ரிக் வில்ஸ் (10-வது இடம், கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ்): கல்லூரியில் வலது பக்கம் ஆடியவர், இங்கே இடது பக்கம் மாற்றப்பட்டார். முதல் சீசன் பரவாயில்லை என்றாலும் உச்சத்துக்குப் போகவில்லை. 2024 சீசனோடு பிரவுன்ஸில் அவர் காலம் முடிந்தது.

* மெகாய் பெக்டன் (11-வது இடம், நியூயார்க் ஜெட்ஸ்): 165 கிலோ உடம்போடு 40 கஜத்தை 5.10 விநாடியில் ஓடியவர். முதல் சீசனில் எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த சீசனின் முதல் போட்டியிலேயே முழங்காலில் அடி. 2022 சீசன் முழுக்கப் போச்சு. பிறகு பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போய், டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் 'கார்ட்' இடத்தில் ஆடி, அந்த அணி 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தபோது களத்தில் இருந்தார்.

* டிரிஸ்டன் விர்ஃப்ஸ் (13-வது இடம், டாம்பா பே பக்கனீர்ஸ்): முதல் சீசனிலேயே அசத்தினார். வழக்கமான சீசனில் விட்டது ஒரே ஒரு சாக். மேலே சொன்ன 31-9 போட்டியில் ஜெயித்த அணி இவருடையதுதான். பந்தைச் சட்டென வீசும் டாம் பிராடி பின்னால் இருந்தது உதவிதான். ஆனால் பிராடி ஓய்வு பெற்றபிறகு, வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் மாறியும் விர்ஃப்ஸின் தரம் குறையவில்லை.

அப்படின்னா எதைப் பார்க்கணும்?

1. எப்படித் தோற்கிறார்: பலம் போதாமல் தள்ளப்படுகிறாரா, காலை வைக்கத் தெரியாமல் ஏமாறுகிறாரா? இரண்டாவது என்றால் பயிற்சியில் சரியாக வாய்ப்பு அதிகம்.

2. அதே தப்பு திரும்ப வருகிறதா: செப்டம்பரில் ஏமாந்த அதே உத்தியில் டிசம்பரிலும் ஏமாந்தால் கவலைப்படணும்.

3. புது இடமா: வலது, இடது மாறினால் கால் வரிசை முழுக்கத் தலைகீழாகும். அதற்கு அவகாசம் வேண்டும்.

4. பின்னால் இருப்பவர் யார்: குவார்ட்டர்பேக் எவ்வளவு நேரம் பந்தை வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சாக் எண்ணிக்கைக்கு வரணும்.

5. உடம்பு: பெக்டனை முடக்கியது முழங்கால். தாமஸும் 2023-ல் தொடைத் தசை, 2024-ல் பாதக் காயம் என்று பல போட்டிகளை இழந்தார்.

முதல் வருஷ மதிப்பெண்ணை மட்டும் நம்பியிருந்தால், ஜயன்ட்ஸ் தாமஸைக் கைவிட்டிருக்கும், ஜெட்ஸ் பெக்டனுக்கு அள்ளிக் கொடுத்திருக்கும். இரண்டுமே தப்பாகியிருக்கும். அதனால், அடுத்த முறை ஒரு புதுமுக டேக்கிள் முதல் மாதமே சொதப்பினால், தீர்ப்பைக் குறைந்தது அடுத்த சீசன் வரைக்கும் தள்ளிவைக்கலாம்.