அம்பாசிடர் அரும்பொருளாகுமோ?

சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. பாட்டனார் 1984 ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் வண்டி, அவர் காலஞ்சென்ற பின்னர் ஐந்தாண்டாகக் கொட்டகையில் அசையாது நிற்கின்றது. பழைய இரும்பு வாங்குவார் ஒருவர் வந்து பார்த்து, எடை 1,100 கிலோவுக்குக் குறையாது என்று கணக்கிட்டு, ஒரு தொகை கூறினார். தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கு அஃது உதவுமென்பது தந்தையார் எண்ணம். பெரியப்பாவோ, "பொறுத்திருங்கள், இன்னும் பத்தாண்டில் இலட்சக்கணக்கில் விலை வரும்" என்று தடுத்தார். பின்பு இருவரும் எம்மை நோக்கி, "நீ படிக்கிற பிள்ளையாயிற்றே, நீயே சொல்" என்றனர். தொல்காப்பிய நூற்பா ஒன்றைப் பற்றிக் கேட்டிருப்பின் ஒருவாறு விடையிறுத்திருப்போம். மோட்டார் வண்டியைப் பற்றி யாம் அறிந்தது மிகச் சிறிது. ஆயினும் கேட்டவர் பெரியோர் ஆதலின், விடுமுறை முழுதும் அதனையே ஆராயலானோம். அங்ஙனம் தெரிந்துகொண்டவற்றை ஈண்டு வரைகின்றோம்.

முதற்கண் ஒன்றை வேறுபடுத்திக்கொள்ளல் வேண்டும். பிறக்கும்போதே அரும்பொருளாய்ப் பிறக்கும் வண்டிகள் உள. மெர்சிடிஸ் கம்பெனியார் 1955 இல் இரண்டே இரண்டாகச் செய்த வண்டிகளுள் ஒன்று, 2022 இல் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போயிற்று. அவற்றைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. பாரி முல்லைக்கு ஈந்த தேர் இன்று அகப்படுமாயின் அதனை விலை மதிப்பார் யார்? ஆனால் பாரியின் பறம்பு நாட்டில் உமணர் உப்பேற்றிச் சென்ற சாகாடுகளும் இருந்திருக்குமன்றோ? அவ்வெளிய வண்டிகளைப் போன்றவற்றைப் பற்றியதே எம் வினா.

எளிய பொருள்களுக்கு ஒரு வியப்பான இயல்பு உண்டு. நூறாண்டுக்கு முன் அச்சான பெருங்காப்பியப் பதிப்புக்கள் நூலகங்களில் இன்றும் கிடைக்கின்றன. அக்காலத்தே ஆயிரக்கணக்காக அச்சிட்டு அணாக் கணக்கில் விற்ற பள்ளிப் பிள்ளைகளின் அரிச்சுவடிகளோ தேடினும் கிடைப்பது அரிது. பெரு நூலை அலமாரியில் வைத்துக் காத்தனர். அரிச்சுவடியைப் பிள்ளைகள் கிழித்தனர், தாய்மார் அடுப்பெரித்தனர். மிகுதியாய் இருந்தமையாலேயே ஒருவரும் அதனைக் காக்கவில்லை. மோட்டார் வண்டிக்கும் இந்நெறியே பொருந்தும் என்று யாம் முதலில் எண்ணினோம். ஆராய்ந்தபோது அது பாதி உண்மையே என்று கண்டோம்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு என்பார் 1908 முதல் 1927 வரை செய்த மாடல் டி வண்டிகள் 1 கோடியே 50 இலட்சத்துக்கு மேற்பட்டவை. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலையை, 1913 இல் நகரும் வரிசையில் வண்டிகளைப் பூட்டும் முறையைக் கைக்கொண்டதன் பின்னர், 300 டாலருக்கும் கீழே கொணர்ந்தார். உலகின் போக்கையே மாற்றிய வண்டி அது. நூறாண்டு முதுமையும் உடையது. அரும்பொருளாதற்கு வேறென்ன வேண்டும்? ஆயினும் இன்று அங்கு நன்னிலையிலுள்ள மாடல் டி ஒன்றைச் சாதாரணப் புது வண்டியின் விலையினும் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆகவே முதுமை மட்டும் போதாது. செய்தவை பலவாதலின் அழிந்தவை போக எஞ்சியவையும் பல. அதனினும் கூரிய காரணம் ஒன்று உண்டு. அவ்வண்டியில் ஏறித் திரிந்த இளைஞர் முதியோராகிக் கையில் பணத்தோடு அதனைத் தேடிய காலம் ஒன்று இருந்தது, அவர்கள் இன்றில்லை. பிறருக்கு அஃது ஒரு வரலாற்றுப் பொருள், தம் இளமையன்று. எளிய வண்டியின் விலை ஒரு தலைமுறையின் நினைவோடு ஏறி, அத்தலைமுறையோடு இறங்குவது போலும்.

ஜெர்மானியரின் ஃபோக்ஸ்வாகன் இதனை வேறொரு வகையில் காட்டுகின்றது. வண்டு என்று செல்லப்பெயர் பெற்ற அதன் சிறு வண்டி 2 கோடியே 15 இலட்சம் வரை செய்யப்பட்டு, 2003 இல் மெக்சிகோ நாட்டில் முடிவுற்றது. அவ்வண்டின் உறுப்புக்களையே கொண்டு, எஞ்சினையும் பின்னாலேயே வைத்துச் செய்த வேன் ஒன்று 1950 முதல் வெளிவந்தது. வண்டை மக்கள் கொஞ்சினர். வேனைத் தச்சரும் ரொட்டிக்கடைக்காரரும் சுமையேற்றிக் கசக்கிப் பிழிந்தனர். மழையும் துருவும் எஞ்சியதைத் தின்றன. இன்று சாதாரண வண்டுக்கு அடக்கமான விலையே. கூரையோரத்திலும் சாளரங்கள் வைத்த 23 சாளர வேனோ ஏலங்களில் ஒரு இலட்சம் டாலருக்கு மேலும் போனதுண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருள் உழைத்துத் தேய்ந்தவனுக்கே பிற்காலத்தில் சிறப்பு வந்தது.

இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. அங்கே 2014 முதல், சிறப்பொன்றுமில்லாத வண்டிகளுக்கென்றே ஒரு விழா நடத்தி வருகின்றனர். எழுத்தரும் விற்பனையாளரும் அன்றாடம் ஓட்டி மறந்த வண்டிகளைத் துடைத்துக் கொணர்ந்து புல்வெளியில் நிறுத்தி மகிழ்கின்றனர். அதில் பரிசு பெறுவது விலையுயர்ந்த வண்டியன்று. இன்னும் இது பிழைத்திருக்கின்றதா என்று காண்போரை வியக்கச் செய்யும் வண்டி.

நிற்க. அம்பாசிடருக்கு வருவோம். இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியின் அச்சுக்களை வாங்கி, வங்காளத்தில் உத்தரபாரா என்னுமிடத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950 களின் இறுதியில் இதனைச் செய்யத் தொடங்கினர். தாய் வண்டியை ஆங்கிலேயர் சில ஆண்டுகளிலேயே கைவிட்டனர்; சேய் வண்டி 2014 மே வரை வந்துகொண்டிருந்தது. முகப்பின் கம்பியழி மாறிற்று, விளக்குகள் மாறின, எஞ்சினும் பின்னாளில் மாறிற்று, உருண்ட தோள்களும் அகன்ற இருக்கையும் மாறவில்லை. கலெக்டரும் அமைச்சரும் ஏறியது அதுவே; மணமகன் ஊர்வலம் வந்ததும், பிரசவ வேதனையில் துடித்த பெண்ணை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றதும் அதுவே. ஐவர்க்கென்று செய்த வண்டியில் ஒன்பதின்மர் ஏறிய கதை எம் இல்லத்திலும் உண்டு.

மாறா உருவமே இதற்கு அணி. அரும்பொருளாதற்கு இடையூறும் அதுவே. 1960 இல் செய்ததையும் 2010 இல் செய்ததையும் அருகருகே நிறுத்தினால் பழகாத கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. பழமை புலப்படாத பொருளைப் பழமைக்காக யார் தேடுவர்? சேகரிப்போர் நாடுவன பெரும்பாலும் முதற்காலத்து வண்டிகளே. எம் பாட்டனாருடையது நான்காம் மார்க் என்னும் வகை. அது 1979 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு மிகப் பலவாக வந்தது.

இதற்கு ஒரு காலத்தில் வேறுவகை அருமையும் இருந்தது. வண்டிக்குப் பணங்கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாள்கள் அவை. புது வண்டியின் விலையினும் ஓடிய வண்டிக்கு மிகுந்த விலை கிடைத்ததென்று முதியோர் கூறுவர். கிழக்கு ஜெர்மனியில் ட்ராபண்ட் என்னும் சிறு வண்டிக்கும் இதே நிலை. பருத்தி இழையும் பிசினும் கலந்த உடலையுடைய அதற்குப் பத்தாண்டுக்கு மேலும் காத்திருந்தனர். 1989 இல் பெர்லின் மதில் வீழ்ந்ததும் மேற்கு நாட்டு வண்டிகள் வந்தன. காத்துக் காத்துப் பெற்ற ட்ராபண்டுகளைத் தெருவோரத்தில் விட்டுச் சென்றனர். இன்று அவற்றையே சிலர் விரும்பித் தேடுகின்றனர். கிடையாமையால் வரும் அருமை வேறு, விருப்பத்தால் வரும் அருமை வேறு. முன்னது கதவு திறந்தவுடன் ஓடிவிடும். பின்னது வருவதற்குள் வண்டி ஒரு பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும்.

அப்பள்ளத்தாக்கைச் சற்று விளக்குதும். வண்டி புதிதாயிருக்கும்போது விலையுண்டு. ஆண்டுதோறும் அது குறைந்து, பதினைந்து இருபது ஆண்டில், ஒருமுறை பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையை மிஞ்சும். அன்றுதான் இரும்புக்கடைக்காரர் வருவார். அந்நாளில் அது புதியதுமன்று, பழையதுமன்று. வெறும் தேய்ந்த பொருள். பெரும்பாலான வண்டிகள் அங்கேயே மாள்கின்றன. சட்டமும் ஏறத்தாழ இவ்வாறே பேசுகின்றது. தனியார் வண்டி 15 ஆண்டு கடந்தால் ஐந்தாண்டுக்கொருமுறை மறுபதிவு செய்தல் வேண்டும். 2021 ஜூலையில் மைய அரசு வகுத்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியே பழம்பெரும் வண்டியாகப் பதிவு பெறும், அதற்கு ரூ. 20,000 கட்டணம், பதிவெண்ணில் தனி எழுத்துக்கள். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையிலுள்ள முப்பத்தைந்து ஆண்டையும் வண்டி எங்ஙனம் கடக்கும் என்பது உடையவன் பாடு.

மும்பையில் பிரீமியர் பத்மினி என்னும் ஃபியட் வண்டி கடக்கவில்லை. கறுப்பும் மஞ்சளுமாய் அந்நகரின் அடையாளமே ஆகிவிட்ட அந்த டாக்ஸிகளுக்கு இருபதாண்டு வயதெல்லை. கடைசியாக 2003 அக்டோபர் 29 இல் பதிவான வண்டியும் 2023 அக்டோபர் இறுதியில் தெருவை விட்டு நீங்கிற்று. ஒன்றையேனும் காட்சிசாலையில் வைத்துக் காக்கவேண்டுமென்னும் குரல் அப்போதுதான் எழுந்தது. நம் சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை நம் வகுப்புத் தோழர் எத்தனை பேர் கண்டிருப்பர்? முன்பக்கம் முழுதும் ஒரே மூடியாய்த் திறந்து கவிழும் அவ்வண்டி அம்பாசிடரைப் போல் பெருகவில்லை. அரும்பொருளாகும் தகுதி அதற்கே மிகுதி என்பது எம் துணிபு. மாருதி 800 இன் முறை இன்னும் வரவில்லை. 1983 டிசம்பரில் விற்ற முதல் வண்டியைக் கம்பெனியாரே செப்பனிட்டுத் தம் தலைமை அலுவலகத்தில் வைத்துள்ளனர் என்பதை மட்டும் குறிப்பிட்டு அமைகின்றோம்.

பெரியப்பாவின் பத்தாண்டுக் கணக்கிற்கு இனி வருவோம். 1984 வண்டிக்கு 2034 இல் ஐம்பது நிறையும். அதுவரை கொட்டகைக் கூரை, ஓடாவிடினும் வெடிக்கும் டயர்கள், சாகும் பாட்டரி, மறுபதிவு, காப்புறுதி, எலி கடித்த மின்கம்பிகள் இவற்றிற்கெல்லாம் ஆகும் செலவைத் தந்தையாரும் யாமும் ஓரிரவு உட்கார்ந்து கூட்டினோம். வரக்கூடிய விலையினும் அது மிகுந்தது. அம்பாசிடர் என்னும் பெயரை மட்டும் 2017 இல் பிரெஞ்சுக் கம்பெனியாகிய பேஷோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு அவ்விலை, வண்டிக்கோ கிலோக் கணக்கு!

இதனோடும் முடியவில்லை. பட்டறைக்காரர் ஒருவரை அழைத்துக் காட்டியபோது அவர் முன்மூடியைத் திறந்து சிரித்தார். பெட்ரோல் விலைக்கு அஞ்சிய பாட்டனார், பலரும் அந்நாளில் செய்தது போலவே, பழைய 1489 சி.சி. எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஏதோ ஒரு வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்தியிருந்தார். சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்த வண்டிக்குப் பழம்பெரும் பதிவு இல்லை என்பது அவ்விதியின் சொல். உழைப்பதற்காக வாங்கிய வண்டியை உழைப்பதற்கேற்ப மாற்றினார், அவர்மேல் குற்றமென்ன? ஐம்பதாண்டு கழித்து ஒருவர் வந்து அளந்து பார்ப்பாரென்று அவர் கண்டாரா?

யாம் அறிந்த இவற்றையெல்லாம் பெரியப்பாவிடம் கூறினோம். விலை வருமென்று காத்திருத்தல் வீண் என்றும், செலவைப் பாராது வைத்துக்கொள்பவரிடமே எளிய வண்டி ஐம்பதாண்டைக் காண்கின்றது என்றும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கொட்டகைக்குள் சென்று, ஓட்டுநர் இருக்கையின் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்தார். பெட்ரோல் போட்ட நாள், ஓடிய மைல், சென்ற ஊர் எல்லாம் பாட்டனார் கையெழுத்தில் இருந்தன. ஒரு பக்கத்தில், பெரியப்பாவைக் கல்லூரி விடுதியில் கொண்டுவிட்ட நாளும் இருந்தது.

மறுநாள் இரும்புக்கடைக்காரர் கூறிய தொகையை ரூபாய் குறையாமல் தந்தையார் கையில் கொடுத்து, வண்டியைப் பெரியப்பாவே தம் பெயருக்கு எடுத்துக்கொண்டார். தங்கையின் கட்டணம் கட்டியாயிற்று. கழற்றிய பழைய எஞ்சினைப் பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் விட்டதாக யாரோ சொல்லியிருக்கின்றனர். அதன் எண் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் இருக்கின்றது. விடுமுறை முடிவதற்குள் மூன்று ஞாயிறு பெரியப்பாவுடன் சென்று பட்டறை பட்டறையாக அவ்வெண்ணைத் தேடினோம். இதுகாறும் அகப்படவில்லை.