உதிர்ந்த இறகு எங்கே போகிறது?

சென்னைப் புறநகரின் செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்குப் போகிறவர்கள் ஓர் இறகையாவது பார்த்திருப்பார்கள். கொக்கின் வெள்ளை, நீர்க்காக்கையின் கறுப்பு. பறவைகள் ஆண்டுதோறும் இறகு மாற்றுகின்றன. அப்படியானால் இத்தனை ஆண்டுகளில் கரை முழுவதும் இறகு மெத்தையாகியிருக்க வேண்டுமே?

ஆகவில்லை. காற்றும் மழையும் அடித்துப் போனது போக மீதியைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்று தீர்க்கின்றன.

இது லேசான தீனி இல்லை. இறகும் நம் தலைமுடியும் நகமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. கந்தகப் பிணைப்புகள் அதை முறுக்கிக் கட்டியிருக்கின்றன. ஆந்தை எலியை முழுதாக விழுங்கினாலும் முடியை உருண்டையாகக் கக்கிவிடுவது அது செரிக்காததால்தான். கிரைசோஸ்போரியம் போன்ற மண் பூஞ்சைகளோ சல்ஃபைட்டைச் சுரந்து முதலில் அந்தக் கந்தகக் கட்டை அவிழ்க்கின்றன. பிறகு நொதியால் புரதத்தை அறுக்கின்றன.

இவற்றைப் பிடிக்க ஆய்வகங்களில் ஒரு தூண்டில் உண்டு. கரை மண்ணைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, கிருமி நீக்கிய முடியையோ இறகுத் துண்டையோ மேலே தூவி, ஈரம் காயாமல் சில வாரம் வைப்பார்கள். முடியைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு படர்ந்தால் மீன் மாட்டியது என்று பொருள். 1952இல் வான்பிரூசெகெம் என்ற ஆய்வாளர் சொன்ன முறை இது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

தண்ணீருக்குள் கதை வேறு. 1942இல் இங்கிலாந்தின் பூஞ்சை ஆய்வாளர் இங்கோல்டு, ஓடைகளில் ஊறும் இலைகளில் வாழும் ஒரு பூஞ்சைக் கூட்டத்தை விவரித்தார். அவற்றின் நுண்வித்துகள் பலவற்றுக்கு நான்கு கை. நெருஞ்சி முள் போல எப்படி விழுந்தாலும் இலையில் தைத்துக்கொள்ளும். ஆனால் இவற்றுக்குக் காற்றோட்டமுள்ள ஓடும் நீர்தான் பிடிக்கும். நம் தேங்கு ஏரிகளுக்குப் பொருத்தமானவை கைட்ரிடுகள் என்ற பூஞ்சைகள். வாலாட்டி நீந்தும் இவற்றின் வித்துகள் பெரிய பாசிகளைத் துளைத்து உண்ணும். அந்தப் பாசி நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிரின் வாய்க்குள் நுழையாது. கைட்ரிட் வித்து நுழையும். தெள்ளை மீன் குஞ்சு தின்னும், மீனைக் கூழைக்கடா தின்னும்.

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கும் நீர் பள்ளிக்கரணையை அடையும். 2022இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. அங்குள்ள சம்பு போன்ற சதுப்புச் செடிகள் காய்ந்து நிற்கும்போதே பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். தண்டு தண்ணீரில் சாயும்போது பாதி மென்று வைத்த சோறு.

பறவையும் சும்மா இருப்பதில்லை. காலில் ஒட்டிய சேற்றோடு நுண்வித்துகளையும் குளம் குளமாகக் கொண்டு போகிறது. எச்சத்தால் நீருக்கு உரமேற்றுகிறது. வேடந்தாங்கல் விவசாயிகள் அதை எப்போதோ கண்டுகொண்டு பறவைகளைக் காத்தார்கள். கழிவுநீரும் உரம்தானே என்று கேட்கலாம். அளவு மீறும்போது நீரில் ஆக்சிஜன் வற்றிப்போகிறது. காற்று தேவைப்படும் பூஞ்சைகள் ஒதுங்க, காற்றில்லாமலே பிழைக்கும் பாக்டீரியாக்கள் இடம் பிடிக்கின்றன. சில ஏரிகளின் ஓரம் நடக்கும்போது வரும் அழுகிய முட்டை வாடை அவற்றின் கைவரிசை.

ஒன்று மட்டும் கவனம். எல்லாப் பூஞ்சையும் பறவைக்கு நல்லதல்ல. ஆஸ்பர்ஜில்லஸ் வகை அதன் நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் இறங்கினால் உயிரையே குடிக்கும். பூசணம் பிடித்த தானியமும் தீனியும் அது பரவும் வழிகளில் ஒன்று. பாவம் பறவை என்று பழைய ரொட்டியை ஏரியில் வீசுகிறவர்கள் அதைக் குப்பைக் கூடையில் போடலாம்.