குளிர் நாட்டு வண்டியில் ஒரு குட்டி விசிறி

நம் ஊரில் விசிறி போடுவது காற்று வாங்க. குளிர் நாட்டு வண்டிகளில் விசிறி போடுவது சூடு வாங்க!

அமெரிக்காவின் வட பகுதியில், கனடாவை ஒட்டி, மின்னசோட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே டவர் என்ற சிறிய ஊரில், 1996ம் ஆண்டு பிப்ரவரி 2ந் தேதி, பூஜ்யத்துக்குக் கீழே 51 டிகிரி சென்டிகிரேடு குளிர் அடித்தது. தண்ணீர் உறைந்து கட்டியாவது பூஜ்யம் டிகிரியில். அதற்கும் கீழே 51 டிகிரி என்றால் எப்படி இருந்திருக்கும்!

தினமும் அவ்வளவு குளிர் இருப்பது இல்லை. ஆனால், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்பது அந்த ஊர் மக்களுக்குப் பழகிப்போன சங்கதி. அந்தக் குளிரிலும் வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும்.

அங்கே பண்ணைக்காரர், தச்சர், கொத்தனார் போன்றவர்கள் பலரிடம் இருப்பது "பிக்கப்" வண்டி. முன்னால் ஆட்கள் உட்காரும் அறை. பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி.

அந்த வண்டியின் டாஷ்போர்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், ஒரு குட்டி விசிறி இருக்கிறது. அது நின்றுவிட்டால், வண்டியை வெளியே எடுப்பதே ஆபத்து!

கண்ணாடி மறைந்துவிடும்

குளிரைத் தாங்குவதற்குக் கம்பளி இருக்கிறது. கையுறை இருக்கிறது. கண்ணாடிக்கு என்ன செய்வது?

உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சில் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் முன்பக்கக் கண்ணாடியில் படிகிறது. படிந்த உடனே உறைகிறது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகிவிடும். ரோடு தெரியாது. குறுக்கே போகிற ஆள் தெரியாது.

அதனால்தான், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் ஏற்பாடு வண்டியில் இருந்தே தீரவேண்டும் என்று அமெரிக்காவில் விதி வைத்திருக்கிறார்கள்.

இனாமாக வரும் சூடு

இந்தச் சூட்டுக்காகத் தனியாக எண்ணெய் எதுவும் எரிப்பது இல்லை. என்ஜினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்ட உதவுகிறது. மற்றது எல்லாம் வீண் சூடு. அந்தச் சூட்டில் ஒரு பகுதியை என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. (வெறும் தண்ணீர் உறைந்துவிடும். ஆகவே, உறையாமல் இருக்க அதில் மருந்து கலந்திருப்பார்கள்.)

அந்த வெந்நீரை ஒரு குழாய் வழியாக டாஷ்போர்டுக்குள் கொண்டு வருகிறார்கள். அங்கே ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. அதன் மேல் காற்றை அடிப்பதுதான் நம்முடைய குட்டி விசிறியின் வேலை. வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, வெந்நீரால் சூடாக்கி, விசிறியால் உள்ளே அனுப்பும் முறையை 1938ம் ஆண்டிலேயே நாஷ் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் கார்களில் கொண்டுவந்துவிட்டது.

ஆகவே, சூடு வரவில்லை என்றதும் விசிறி மேல் பழி போடக்கூடாது. காற்று வருகிறதா என்று முதலில் கையை வைத்துப் பாருங்கள். காற்று நன்றாக வந்து, அது ஜில் என்று இருந்தால் விசிறி மேல் குற்றம் இல்லை. தண்ணீர் குறைந்திருக்கலாம். தண்ணீரின் சூட்டைக் காக்கும் தெர்மாஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். (என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.)

காற்றே வரவில்லை என்றால்தான் விசிறியைப் பார்க்க வேண்டும்.

முழு வேகத்தில் மட்டும் ஓடுகிறதா?

இந்த விசிறி ஒரு வேடிக்கை செய்யும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சுவிட்சைத் திருப்பினால் அசையாது. நாலாவதில் வைத்தால், "உஸ்" என்று முழு வேகத்தில் ஓடும்!

பலர் இதைப் பார்த்துவிட்டு, "மோட்டார் போச்சு" என்று புது மோட்டார் வாங்கி மாட்டுகிறார்கள். மறுபடியும் அதே கதை. பணம் போனதுதான் மிச்சம்.

காரணம் இதுதான். அந்தக் காலத்துச் சீலிங் பேன் ரெகுலேட்டர் உங்களுக்கு நினைவு இருக்கும். தொட்டால் சுடும். உள்ளே இருந்த கம்பிச்சுருள் மின்சாரத்தைத் தடுத்து வேகத்தைக் குறைத்தது. இந்த வண்டியிலும் அப்படி ஒரு சுருள் இருக்கிறது. அதன் பெயர் ரெசிஸ்டர். முதல் வேகத்தில் மின்சாரம் சுருள் முழுவதையும் கடந்து போகிறது. இரண்டிலும் மூன்றிலும் சுருளின் ஒரு பகுதியை மட்டும் கடக்கிறது. நாலில் சுருள் பக்கமே போகாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. சுருள் அறுந்தால், நாலு மட்டும் பிழைத்திருக்கும்.

ரெசிஸ்டரை விசிறிக் காற்று ஓடும் குழாயிலேயே பொருத்துகிறார்கள். அது சூடாகும். அந்தக் காற்றே அதை ஆற்றும். காற்றுப் பாதையில் சருகு அடைத்தாலும், வடிகட்டியில் தூசி மண்டினாலும் காற்று குறையும். ரெசிஸ்டர் காய்ந்து கருகும்.

பெரும்பாலும் பயணி உட்காரும் பக்கத்தில், கால் வைக்கும் இடத்துக்கு மேலே இது இருக்கும். இரண்டு அல்லது மூன்று திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மஞ்சள் நிற ஒயர்களைத் தொடாதீர்கள். அவை மோதலின்போது ஆளைக் காக்கும் காற்றுப் பைக்குப் போகிறவை.

ரெசிஸ்டரைக் கழற்றியதும், அதில் செருகியிருக்கும் ஒயர் கப்ளரைப் பாருங்கள். கருகி, பிளாஸ்டிக் உருகி இருக்கிறதா? அப்படியானால் கப்ளரையும் மாற்ற வேண்டும். "சுரண்டிவிட்டு மாட்டினால் போதும்" என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். தளர்ந்த இடத்தில் மின்சாரம் தடைப்பட்டுச் சூடு கிளம்பும். புது ரெசிஸ்டரும் சீக்கிரமே கருகும்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் நல்லது. கையைப் பிடித்தாற்போல் இறுகி நின்றால், அந்த மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கிறது. ரெசிஸ்டரைக் கருக்கியது அதுதான்! அப்போது மோட்டாரையும் மாற்றியாக வேண்டும்.

எந்த வேகத்திலும் ஓடாவிட்டால்?

முதலில் பியூசைப் பாருங்கள். போயிருந்தால் அதே அளவு பியூசைப் போடுங்கள். 30 ஆம்பியர் இருந்த இடத்தில் 40 போடுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். மாற்றிய பியூசும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அல்லது மோட்டார் இறுகி இருக்கிறது.

பியூஸ் நன்றாக இருந்தால், சுவிட்சைப் போட்டுவிட்டு மோட்டாரின் கூட்டைத் திருப்புளிக் கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால், உள்ளே உள்ள கார்பன் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தட்டித் தட்டி ஓட்டுகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. ஆனால் ஆள் இல்லாத ரோட்டில், நடுராத்திரியில், தட்டியும் ஓடாத நாள் ஒன்று வரும்.

தட்டியும் பயன் இல்லையா? 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு, சுவிட்சை முழு வேகத்தில் வையுங்கள். கப்ளரின் இரண்டு முனைகளிலும் பல்பின் ஒயர்களை வையுங்கள். பல்பு நன்றாக எரிந்தால் மின்சாரம் சரியாக வருகிறது. மோட்டார்தான் போய்விட்டது.

எரியாவிட்டால், ஒரு ஒயரை வண்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பில் வைத்து, மற்றதால் கப்ளரின் முனைகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இப்போது எரிந்தால், மின்சாரம் வருகிறது. திரும்பிப் போகத்தான் வழி இல்லை. அதாவது, எர்த்து கெட்டுவிட்டது! குளிர் நாட்டில் இது சகஜம். ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் இரும்பைத் தின்றுவிடுகிறது. துருவைச் சுரண்டி, எர்த்து ஒயரை இறுக்கினால் விசிறி ஓடும். செலவு ஒரு காசும் இல்லை.

எதிலும் எரியாவிட்டால், ரிலேயையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

புது வண்டிகள் பலவற்றில் கம்பிச்சுருளுக்குப் பதில் எலெக்ட்ரானிக் பெட்டி வேகத்தை மாற்றுகிறது. அதற்கு இந்தப் பல்புச் சோதனை எல்லாம் சரிப்படாது. மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

எலிக்கூடு

விசிறி ஓடும்போது "கட கட" என்று சத்தம் வந்தால், சருகோ எலிக்கூடோ இருக்கும். குளிருக்கு ஒதுங்கும் எலிகளுக்கு இந்தக் காற்றுக்குழாய் அருமையான வீடு! அதைக் காய்ந்தபடி துடைக்கக்கூடாது. அமெரிக்காவில் சில எலிகளின் எச்சத்தில் உயிர்க்கொல்லிக் கிருமி இருக்கிறது. அதன் பெயர் ஹாண்டா வைரஸ். தூசியோடு மூச்சில் போகும். கிருமிநாசினியால் நனைத்து, கையுறை போட்டு எடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குளிர் தாங்காமல் சிலர் கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு, என்ஜினை ஓடவிட்டு வேலை பார்ப்பார்கள். என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. வாடை இல்லை. தூக்கம் வருவது போல இருக்கும். அப்படியே ஆள் போய்விடுவான். வண்டியை வெளியே தள்ளிவிட்டுத்தான் என்ஜினை ஓட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும், வெளியே வைத்து என்ஜினை ஓடவிடுங்கள். விசிறியை முதல் வேகத்தில் பத்து நிமிடம் விட்டு, புதுக் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். சுடக்கூடாது. பிறகு முழு வேகத்தில் வைத்துக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். முதலில் கண்ணாடியின் அடியில், உள்ளங்கை அளவு இடம் தெளியும். அது மெல்ல மெல்ல மேலே ஏறும். ரோடு முழுவதும் தெரிகிற வரையில், வண்டியை நகர்த்தாதீர்கள்.