காற்றுப்பைக் கருவியின் மௌனம்

மோட்டார் வண்டி மோதுங்கால் காற்றுப்பையை விரியச் செய்யுங் கட்டுப்பாட்டுக் கருவி, சோதனைக் கருவியின் வினாவுக்கு விடையிறாதிருப்பின், அது பழுதுற்றதென உடனே துணிதல் தகாது. ஊமையென்று கருதப்படுவது உணவின்றிச் சோர்ந்ததாகவும் இருக்கலாமன்றோ? ஆதலின் அதற்கு மின்னூட்டும் உருகியையும் புவித்தொடுப்பையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

அவை செம்மையாயின், ஏனைக் கருவிகளோடு அதனை இணைக்கும் முறுக்கிய கம்பியிணையை நோக்குக. பொஷ் நிறுவனம் 1986 இல் வெளியிட்ட 'கான்' முறையில், இவ்விணையின் ஈரந்தங்களிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. மின்கலத்தைக் கழற்றியபின் இரு கம்பிகளுக்குமிடையே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் தோன்றும். 120 தோன்றின் ஒரு புறம் அறுந்துளது. பூச்சியத்தை அணுகின் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுள்ளன. 60 தோன்றினும் கருவிக்குச் செல்லுங் கிளைக்கம்பி அறுந்திருத்தல் கூடும்.

காற்றுப்பையின் தீமூட்டியை மட்டுந் தடைமானியால் அளத்தலாகாது. மானியின் சிறு மின்னோட்டமே அதனை வெடிக்கச் செய்தல் கூடும். மின்கலத்தைக் கழற்றிய பின்னருங் கருவியிலுள்ள கொள்ளளவி சில நிமிடம் மின்னைத் தாங்கி நிற்கும்.